சாயந்திரம் ஏழரைக்கே தூங்கிப் போற குடும்பமும் ஒரே ஒரு செரீனும்

அமெரிக்காவுல யூட்டா மாகாணம், சால்ட் லேக் சிட்டி. 1990கள்ல அங்க யுனிவர்சிட்டியில தூக்கக் கோளாறு பாக்குற நியூராலஜிஸ்ட் க்றிஸ்டஃபர் ஜோன்ஸ் கிட்ட ஒரு அம்மா வராங்க. அவங்க பிரச்சனை என்னன்னா சாயந்திரம் ஆனா கண்ண தொறந்து வெச்சிருக்க முடியல, பொழுது சாஞ்சதும் தூக்கம் அள்ளிட்டுப் போயிடுது, அப்புறம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடுது, ஊரே தூங்குற நேரத்துல தனியா உக்காந்திருக்கணும். தூக்கம் பத்தலைன்னு இல்ல, தூங்குற நேரமெல்லாம் எல்லாருக்கும் இருக்குற அளவுதான், தரமும் நல்லாத்தான் இருக்கு, தூக்கம் வர்ற நேரம் மட்டும் நாலு மணி நேரம் முன்னாடி தள்ளி உக்காந்திருக்கு.

வயசானவங்க சீக்கிரம் எந்திரிக்கிறது சகஜம், டிப்ரெஷன் இருந்தாலும் விடியக்காலைல முழிப்பு தட்டும், அதனால எந்த டாக்டரா இருந்தாலும் மொதல்ல அந்த ரெண்டுல ஒன்னுன்னு எழுதிட்டு அடுத்த பேஷன்ட்ட கூப்பிட்டிருப்பாரு. ஆனா இந்த அம்மா சொன்ன இன்னொரு விஷயம்தான் கதைய மாத்துச்சு, எங்க குடும்பத்துல இன்னும் சில பேரு இப்படித்தான்னாங்க. ஜோன்ஸ் அத விடாம பிடிச்சாரு, அங்க ஜெனெடிக்ஸ் பக்கம் இருந்த லூயி ப்டாச்செக் கிட்ட கொண்டு போனாரு, ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் குடும்பத்து ஆளுங்கள தேடித் தேடிப் பாத்தாங்க. யூட்டாவுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கு, மார்மன்ங்குற கிறிஸ்தவப் பிரிவோட குடும்பங்கள் பெரிசு பெரிசா இருக்கும், வம்ச வரலாறு எழுதி வெக்கிறது அவங்களுக்கு மத சம்பந்தமான விஷயம், தாத்தாவோட தாத்தா வரைக்கும் பேரு கெடைக்கும். ஜீன் தேடுறவனுக்கு இத விட நல்ல ஊரு கெடையாது.

1999ல பேப்பர் வந்துச்சு. மூனு குடும்பம், மொத்தம் 29 பேருக்கு இதே மாதிரி. சராசரியா சாயந்திரம் ஏழரை மணிக்குத் தூக்கம், விடியக்காலைல நாலரைக்கு முழிப்பு. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருது, தலைமுறை தாண்டிக் குதிக்காம நேரா எறங்குது, அதாவது ஒரே ஒரு ஜீன் காப்பி கெட்டாலே போதும்ங்குற வகை. மனுஷனோட தூங்குற நேரம் இவ்ளோ சுத்தமா ஒரு ஜீன் வழியா எறங்கி வருதுன்னு அதுக்கு முன்னாடி யாரும் காட்டினதில்ல.

இத படிச்சப்ப எனக்கு மொதல்ல தோணுனது சிரிப்புதான். எங்க வீட்ல நாலு மணிக்கு எந்திரிக்கிறவங்கதான் சாமி. எங்க அத்தை நாலுக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சு கோலம் போட்டு முடிச்சுட்டு ஆறரைக்கு என் ரூம் கதவ தட்டும்போது அந்தத் தட்டுல ஒரு தீர்ப்பு இருக்கும். நான் அமெரிக்கக் கம்பெனிக்கு சப்போர்ட் பாக்குறவன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கிறது எனக்கு கஷ்டமே இல்ல, ஸ்கூல் படிக்கிற காலத்துலேயே அப்படித்தான், ஆனா அதுக்கு வீட்ல வெச்சிருக்குற பேரு சோம்பேறி. யூட்டாவுல பாருங்க, நாலு மணிக்கு எந்திரிக்கிற ஆளுங்க டாக்டர் கிட்ட போயி இது என்ன வியாதின்னு கேக்குறாங்க. சாயந்திரம் சொந்தக்காரங்க வந்தா உக்காந்து பேச முடியல, ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா போக முடியல, சினிமா கெடையாது, கச்சேரி கெடையாது. அந்த ஊர்ல வாழ்க்கை ஆபீஸ் முடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்குது, இவங்களுக்கு அப்பதான் கதவு சாத்துது. விடிகாலைல முழிச்சிருக்கிறத யாரும் திட்டப் போறதில்ல, ஆனா அந்த நேரத்துல பேச்சுத் துணைக்கு ஆளே கெடையாது. இதுல எங்க இருக்கு ஒழுக்கம்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். பழக்கத்தால சீக்கிரம் தூங்குறவனையும் உடம்புக்குள்ளயே கடிகாரம் முன்ன ஓடுறவனையும் எப்படிப் பிரிக்கிறது? வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒன்னுதான். அதனால ரத்தத்துல மெலடோனின், அதாவது ராத்திரி ஆகப் போகுதுன்னு உடம்புக்குச் சொல்ற ஹார்மோன், எப்ப ஏறுது, உடம்போட சூடு ராத்திரில எப்ப அடிமட்டத்துக்கு எறங்குதுன்னு அளந்தாங்க. ரெண்டுமே நாலு மணி நேரம் கிட்ட முன்னாடி இருந்துச்சு. அப்புறம் 69 வயசு அம்மா ஒருத்தங்கள கடிகாரம் ஜன்னல் டீவி எதுவுமே இல்லாத இடத்துல தங்க வெச்சு, இஷ்டப்பட்டப்ப தூங்குங்க இஷ்டப்பட்டப்ப எந்திரிங்கன்னு விட்டுட்டாங்க. அப்படி விட்டா உடம்பு தன்னோட சொந்தக் கணக்குல ஒரு நாள ஓட்டும். அந்த அம்மாவோட ஒரு நாள் 23.3 மணி நேரமா இருந்துச்சு.

நமக்கெல்லாம் எவ்ளோன்னு கேட்டா, அதே 1999ல ஹார்வர்ட்ல சார்ல்ஸ் சைஸ்லர் ஆளுங்க ரொம்பக் கவனமா அளந்து சொன்னது சராசரியா 24 மணி 11 நிமிஷம். அதாவது நம்மள்ல முக்காவாசிப் பேரோட உள்கடிகாரம் ஒரு நாளைக்கு கொஞ்சம் லேட்டா ஓடுது, காலை வெளிச்சம் கண்ணுல பட்டு தெனமும் அத முன்னாடி தள்ளி சரி பண்ணி வெக்குது. யூட்டா அம்மாவுக்கு தலைகீழ், தெனமும் 42 நிமிஷம் முன்னாடி ஓடிடுது.

இங்க ஒரு கேள்வி வரணும், எனக்கு வந்துச்சு. தெனம் 42 நிமிஷம் முன்னாடி ஓடினா ஒரு மாசத்துக்குள்ள அவங்க மத்தியானம் தூங்கி நடுராத்திரி எந்திரிக்கணுமே, அப்புறம் சுத்திச் சுத்தி எங்கயோ போகணுமே, ஏன் கரெக்டா ஏழரைல போயி நிக்குது? பதில் சூரியன் கிட்ட இருக்கு. வெளிச்சம் எல்லா நேரத்துலயும் கடிகாரத்த ஒரே பக்கமா தள்ளாது. உடம்போட ராத்திரி ஆரம்பிக்கிற நேரத்துல வெளிச்சம் பட்டா கடிகாரம் பின்னாடி போகும், உடம்போட ராத்திரி முடியற நேரத்துல பட்டா முன்னாடி போகும். இந்த அம்மாவோட கடிகாரத்துக்கு தெனமும் 42 நிமிஷம் பின்னாடி இழுக்குற வெளிச்சம் வேணும், இல்லன்னா அது 24 மணி நேர ஊரோட ஒட்டாது. அவ்ளோ இழுப்பு கெடைக்கணும்னா அவங்க உடம்போட ராத்திரியோட மொதல் பகுதி, ஊர்ல இன்னும் வெளிச்சம் இருக்குற சாயந்திர நேரத்துல வந்து விழணும். அப்படி விழுந்தாத்தான் கணக்கு சரியாகும். அதனால கடிகாரம் முன்னாடி நகர்ந்து நகர்ந்து, போதுமான சாயந்திர வெளிச்சம் பிடிக்கிற எடத்துல போயி நிக்குது, அந்த எடம்தான் ஏழரை. முக்கா மணி நேரம் கூட இல்லாத ஒரு குறை எப்படி நாலு மணி நேர வித்தியாசமா வீங்குதுங்குறது இதுல இருக்கு. இந்தக் கணக்கு புரிஞ்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல (அது எனக்கு வழக்கம்தான்னு வெச்சுக்கங்க).

மதுரைக்காரன்ங்குறதால இன்னொன்னு சொல்லாம தாண்ட முடியல. மனுஷன ஜன்னல் இல்லாத ரூம்ல வெச்சு அவனோட நாள் எவ்ளோ நீளம்னு அளக்குற வசதி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துலயே இருந்துச்சு, எம்.கே. சந்திரசேகரன்ங்குற பேராசிரியர் காலத்துல. அவரும் மாரிமுத்துவும் மத்தவங்களும் சேர்ந்து வௌவால வெச்சு செஞ்சதுதான் எனக்குப் பிடிச்சது. ஊருக்கு வெளிய குகைக்குள்ள, வெளிச்சமே எட்டாத ஆழத்துல, ஒரு வௌவால கூண்டுல அடைச்சு வெச்சாங்க. சுத்தி அதோட கூட்டம் எப்பவும் போல தெனமும் சாயந்திரம் வெளிய பறந்து விடியறதுக்குள்ள திரும்பி வரும். கூண்டுல இருக்குறதுக்கு பகல் ராத்திரி எதுவும் தெரியாது, ஆனாலும் அது 24 மணி நேரத்தோட கச்சிதமா ஒட்டி நின்னுச்சு. கூட்டமே இல்லாத குகைல அடைச்சு வெச்சப்ப ஒட்டு விட்டுப் போச்சு, தன் சொந்தக் கணக்குல நழுவ ஆரம்பிச்சுடுச்சு. கூட்டம் கெளம்புறதும் திரும்புறதுமே அதுக்கு பகல் ராத்திரி. 1980கள்ல வந்த ஆராய்ச்சி இது, நம்ம ஊர் ஆளுங்களுக்கே இது தெரியலங்குறதுல எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்ப ஜீனுக்குப் போவோம். அந்தக் கதை ஈயில ஆரம்பிக்குது. பழக்கடைல வாழப்பழத்து மேல மொய்க்குமே பொடி ஈ, அதேதான். கலிஃபோர்னியா, கால்டெக்ல சீமோர் பென்ஸர் லேப்ல ரான் கொனோப்கான்னு ஒரு ஸ்டூடண்ட். இந்த ஈ கூட்டுப்புழுவுல இருந்து வெளிய வர்றது பெரும்பாலும் விடியற நேரத்துலதான். கெமிக்கல் குடுத்து ஜீன்கள கலைச்சுட்டு, தப்பான நேரத்துல வெளிய வர்ற ஈயா பாத்துப் பொறுக்குனாரு. மூனு வகை கெடைச்சுது, ஒன்னோட நாள் 19 மணி நேரம், இன்னொன்னோடது 28 மணி நேரம், மூனாவதுக்கு நாள்ங்குற கணக்கே இல்ல, எப்ப வேணா எந்திரிக்கும் எப்ப வேணா படுக்கும். அசத்தல் என்னன்னா மூனுமே எக்ஸ் குரோமோசோம்ல ஒரே இடத்துல, ஒரே ஜீன்ல. 1971ல பேப்பர். ஜீனுக்கு பீரியட்னு பேரு வெச்சாங்க. குணம், பழக்கம் இதெல்லாம் ஒரே ஜீன்ல அடங்குமான்னு அப்ப நெறைய பேருக்கு சந்தேகம்.

அந்த ஜீனப் பிரிச்சு கையில எடுத்தது 1984ல, ப்ராண்டைஸ்ல ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஒரு பக்கம், ராக்கஃபெல்லர்ல மைக்கேல் யங் இன்னொரு பக்கம், கடும் போட்டி. அந்த மூனு பேருக்கும் 2017ல நோபல் குடுத்தாங்க. பென்ஸர் 2007லயே போயிட்டாரு, கொனோப்கா 2015ல. செத்தவங்களுக்கு நோபல் கெடையாது. மூனு வருஷம் முன்னாடி குடுக்குறதுக்கு கமிட்டிக்கு என்ன கேடுன்னு எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

மனுஷனுக்கு அந்த ஈ ஜீனோட சொந்தக்காரங்க மூனு, பெர்-1, பெர்-2, பெர்-3. 1997 வாக்குல வரிசையா கண்டுபிடிச்சாங்க. ப்டாச்செக், யிங்-ஹுய் ஃபூ ஆளுங்க யூட்டா குடும்பங்கள்ல பெரிய குடும்பம் ஒன்ன எடுத்து, சீக்கிரம் தூங்குறவங்க எல்லாருக்கும் பொதுவா டிஎன்ஏவுல எந்தத் துண்டு இருக்குன்னு தேடிட்டே போனாங்க, அது ரெண்டாவது குரோமோசோமோட நீளமான கையோட கடைசி நுனியில போயி முடிஞ்சுது. அந்த நுனியில உக்காந்திருக்குறது பெர்-2. 2001ல பேப்பர். அந்த ஜீன் செய்யிற புரோட்டீன்ல 1255 அமினோ அமிலம், அதுல 662வது எடத்துல செரீன் இருக்கணும், இந்தக் குடும்பத்துல க்ளைசீன் இருக்கு. அவ்ளோதான். டிஎன்ஏவுல ஒரு எழுத்து, புரோட்டீன்ல ஒரு அமினோ அமிலம், சாயந்திரம் ஏழரைக்குத் தூக்கம்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கடிகாரம் எப்படி ஓடுதுன்னு சொல்லணும். மூளைல கண் நரம்பு ரெண்டும் குறுக்க வெட்டுற எடத்துக்கு நேர் மேல ஒரு சின்னக் கொத்து இருக்கு, சுமார் 20,000 நியூரான், அதுதான் தலைமைக் கடிகாரம். ஆனா ஓட்டம் நடக்குறது ஒவ்வொரு செல்லுக்குள்ளயும். மொட்டமாடி தண்ணி டேங்க்க நெனச்சுக்கங்க, உள்ள மிதவை வெச்சது. மோட்டார் ஓடும், தண்ணி ஏறும், மிதவை மேல வந்ததும் மோட்டார் தானா நின்னுடும், அப்புறம் தண்ணி செலவாகி மட்டம் எறங்குனதும் மறுபடி மோட்டார் ஓடும். செல்லுக்குள்ள க்ளாக், பிமால்-1னு ரெண்டு புரோட்டீன் ஜோடி போட்டு நிக்கிறதுதான் மோட்டார். அதுங்க பெர் ஜீன்களையும் க்ரைங்குற இன்னொரு வகை ஜீன்களையும் முடுக்கி விடும். பெர்ரும் க்ரையும் கொஞ்சம் கொஞ்சமா சேந்து, ஒன்னோட ஒன்னு கட்டிப் பிடிச்சுட்டு நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு, தங்கள முடுக்கி விட்ட மோட்டாரையே நிறுத்திடும். அப்புறம் பெர்ரும் க்ரையும் அழிஞ்சு தீந்ததும் திரும்ப ஆரம்பம். இந்தச் சுத்து ஒன்னுதான் உங்க உடம்போட ஒரு நாள். மோட்டார் வேகத்த விட தண்ணி எவ்ளோ நேரத்துல காலியாகுதுங்குறதுதான் இங்க முக்கியம்.

காலி பண்ற வேலைல பெரிய ஆள் கேசீன் கைனேஸ்னு ஒரு என்சைம். அது பெர் புரோட்டீன் மேல அங்கங்க பாஸ்பேட்னு ஒரு சின்ன கெமிக்கல் துண்ட ஒட்டும். ஈயில இதோட சொந்தக்காரனுக்கு டபுள்டைம்னு பேரு, யங் லேப்ல 1998ல பிடிச்சது, அங்க பாத்தப்ப பாஸ்பேட் ஒட்டினா பெர் சீக்கிரம் அழியும்னு தெரிஞ்சுது. அதனால யூட்டா குடும்பத்துல சிக்கல் என்னன்னா, செரீன்ல பாஸ்பேட் ஒட்டலாம், க்ளைசீன்ல ஒட்ட முடியாது, பாஸ்பேட் கொறைஞ்சா பெர்-2 மெதுவாத்தான அழியணும், கடிகாரம் லேட்டால்ல ஓடணும்? இவங்களுக்கு வேகமா ஓடுது. பாத்தா எல்லாமே தலைகீழா இருக்கு.

2007ல ஃபூ, ப்டாச்செக் ஆளுங்க எலில செஞ்சு பாத்தாங்க. 662ல க்ளைசீன் வெச்ச மனுஷ பெர்-2வ எலிக்குள்ள போட்டா எலியோட நாள் குறைஞ்சுது. அதே எடத்துல பாஸ்பேட் நெரந்தரமா ஒட்டின மாதிரி நடிக்கிற ஆஸ்பார்டேட்ட போட்டா நாள் நீண்டுச்சு. ஆக அந்த எடத்துல பாஸ்பேட் இருந்தா கடிகாரம் மெதுவாகும்ங்குறது உறுதி. இது ஏன்ங்குறதுக்கு நல்ல விளக்கம் பின்னாடி வந்துச்சு, அதுல சிங்கப்பூர் ட்யூக்-என்யுஎஸ்ல இருக்குற டேவிட் விர்ஷப் குழுவோட 2015 வேலை முக்கியம். கைனேஸ் பெர்-2ல ரெண்டு எடத்துல கை வெக்குது. ஒரு எடம் இந்த 662. அங்க மொதல் பாஸ்பேட் ஒட்டிட்டா தொடர்ந்து பின்னாடி வரிசையா இருக்குற செரீன்களுக்கும் ஒட்டும், இந்த வரிசை பெர்-2வுக்கு பாதுகாப்பு. இன்னொரு எடம் ரொம்ப முன்னாடி, 480 பக்கத்துல, அங்க ஒட்டினா அது மரணச் சீட்டு, புரோட்டீன குப்பைக்கு அனுப்புற ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. சாதாரணமா கைனேஸ் 662 பக்கம் மாட்டிக்கிட்டிருக்குற வரைக்கும் 480ல வேலை மெதுவா நடக்கும். யூட்டா குடும்பத்துல 662 வாசல் மூடியாச்சு, வரிசையும் இல்ல பாதுகாப்பும் இல்ல, மரணச் சீட்டு சீக்கிரம் ஒட்டுது, டேங்க் சீக்கிரம் காலி, அடுத்த நாள் சீக்கிரம் ஆரம்பம்.

இதே மாதிரி ஒரு பழைய புதிரும் இதோட சேந்து அவுந்துச்சு. 1988ல மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனக்கரும், வாங்கின சிரியன் ஹேம்ஸ்டர் கூட்டத்துல ஒன்னு மட்டும் தெனமும் சீக்கிரம் சக்கரத்துல ஏறி ஓடுறத கவனிச்சாங்க. அது குட்டிகள்ல ரெண்டு காப்பியும் மாறினதுக்கு நாள் வெறும் 20 மணி நேரம். 2000ல தெரிஞ்சுது, கெட்டுப் போனது இதே கேசீன் கைனேஸ். பொதுவா மந்தமான என்சைம், ஆனா கடிகாரம் வேகம். எல்லாரும் மண்டையப் பிச்சுக்கிட்டாங்க. கடைசில பாத்தா அந்த என்சைம் மத்த எடத்துலதான் மந்தம், பெர்ர அழிக்கிற எடத்துல நல்லா சுறுசுறுப்பு.

எல்லாக் குடும்பத்துக்கும் பெர்-2தான் காரணம்னு நெனச்சுடாதீங்க, யூட்டாவுல பாத்த மத்த குடும்பங்கள்ல அது சுத்தமா இருந்துச்சு. 2005ல இன்னொரு குடும்பத்துல கேசீன் கைனேஸ்லயே டெல்டாங்குற வகைல ஒரு மாற்றம் கெடைச்சுது, 44வது எடத்துல. அந்த மாற்றத்த எலில வெச்சா நாள் குறைஞ்சுது, ஈயில வெச்சா நாள் நீண்டுச்சு! ஈயில பாத்தத அப்படியே மனுஷனுக்கு ஒட்டிப் பேசுறவங்களுக்கு நான் அடிக்கடி இத எடுத்துக் காட்டுறதுண்டு.

அப்ப என்ன மாதிரி ராத்திரி ஆந்தைகளுக்கு? எங்களுக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கு. 2017ல யங் லேப்ல அலினா பட்கே ஆளுங்க, ராத்திரி ரொம்ப லேட்டாத்தான் தூக்கம் வரும்ங்குற ஒரு பெண்மணிய நேரம் தெரியாத ரூம்ல வெச்சுப் பாத்தாங்க, அவங்க நாள் இருபத்தி நாலரை மணி நேரம் கிட்ட ஓடுச்சு. ஜீனப் பாத்தா க்ரை-1ல ஒரு எழுத்து மாறி, புரோட்டீனோட வால் பக்கம் 24 அமினோ அமிலம் விட்டுப் போயிருக்கு. அந்த வால் கொறைஞ்ச க்ரை மோட்டார இன்னும் அழுத்திப் பிடிக்குது, விடவே மாட்டேங்குது, நாள் நீளுது. துருக்கியில குடும்பம் குடும்பமா இதே மாற்றம் இருக்குறவங்கள தேடிப் பாத்தாங்க, அவங்களும் லேட்டாத்தான் தூங்குறாங்க. யூட்டா மாற்றம் மாதிரி இது அபூர்வமும் இல்ல, ஐரோப்பிய வம்சாவளில சில கூட்டத்துல 75 பேருக்கு ஒருத்தர் வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு. பேப்பர எடுத்துட்டு அத்தைகிட்ட ஓடிப் போயி காட்டணும்போல இருந்துச்சு. நான் போகல, காரணம் கீழ.

காரணம் என்னன்னா, ஒரு ஜீன்ல ஒரு எழுத்து மாறி தூக்கம் மாறுறது இந்த மாதிரி விரல் விட்டு எண்ணுற குடும்பங்கள்லதான். நம்ம மாதிரி சாதா ஆளுங்களுக்கு விஷயம் சில்லறையா செதறிக் கெடக்கு. 2019ல 6,97,828 பேரோட டிஎன்ஏவ வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பிரிட்டனோட பயோபேங்க்கும் ஒரு தனியார் டெஸ்ட் கம்பெனியோட டேட்டாவும் சேத்து, நீ காலை ஆளா ராத்திரி ஆளான்னு கேட்டு. சம்பந்தப்பட்ட எடம் மட்டும் 351 கெடைச்சுது. அதுல பெர்-2வும் இருக்கு, ஆனா கூட்டத்துல ஒருத்தரா. காலை பக்கம் தள்ளுற வகைகள் ரொம்ப அதிகமா இருக்குற 5 சதவீதத்துக்கும் ரொம்பக் கம்மியா இருக்குற 5 சதவீதத்துக்கும் கையில கருவி கட்டி அளந்தா, தூங்குற நேரத்துல வித்தியாசம் எவ்ளோ தெரியுமா, 25 நிமிஷம். அம்புட்டுதான். நான் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்குறதுக்கு ஜீன் ஒரு கால் மணி அரை மணி குடுக்கும், மிச்சத்துக்கு என் ஷிஃப்ட்டும் என் மானிட்டரும்தான் பதில் சொல்லணும். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து நீங்க காலைச் சிங்கமா ராத்திரிப் புலியான்னு சொல்றோம்னு காசு கேக்குறவங்களுக்கு என் பதிலும் அந்த 25 நிமிஷம்தான். பெர்-3ல ஒரு துண்டு நாலு தடவை திரும்ப வருதா அஞ்சு தடவை வருதாங்குறத வெச்சு 2003ல ஒரு கண்டுபிடிப்பு வந்துச்சு, அஞ்சு இருந்தா காலை ஆள்னு, அத இன்னமும் சில ரிப்போர்ட்ல போடுறாங்க, ஆனா பின்னாடி மத்தவங்க பாத்தப்ப சில எடத்துல வந்துச்சு, சில எடத்துல வரல.

வயசுக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு. ஜெர்மனியில டில் ரோன்னபெர்க் ஆளுங்க 2004ல காட்டினது, பத்து வயசுல இருந்து தூங்குற நேரம் தள்ளிக்கிட்டே போயி சுமார் இருபது வயசுல உச்சத்துக்கு லேட்டாகி அதுக்கப்புறம் மெல்லத் திரும்புது, அதுவும் பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே. அதாவது வீட்ல அதிகமா திட்டு வாங்குற வயசும் கடிகாரம் ரொம்ப லேட்டா ஓடுற வயசும் ஒன்னுதான். எங்க தெருவுல பிளஸ் டூ பசங்கள அஞ்சு மணி ட்யூஷனுக்கு ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காத்தி வெச்சு கூட்டிட்டுப் போவாங்க, பாதிப் பேரு அப்பா முதுகுல சாஞ்சு தூங்கிட்டேதான் போவாங்க. அந்த ட்யூஷன்ல என்ன மண்டைல ஏறும்னு நெனக்கிறீங்க?

சீக்கிரம் தூங்குறவங்களுக்கு மருந்து இருக்கான்னா, ஜீன சரி பண்ற மருந்து இல்ல. கேசீன் கைனேஸ அடக்குற கெமிக்கல் குடுத்தா மிருகங்களுக்கு நாள் நீளுது, லேப் அளவுல அது நல்லா தெரிஞ்ச விஷயம், ஆனா அந்த என்சைம் உடம்புல ஆயிரம் வேலை பாக்குது, தூக்கத்துக்காக அதுல கை வெக்க யாருக்கு தைரியம் வரும். மேல சொன்ன வெளிச்சக் கணக்குதான் இப்போதைக்கு வழி, சாயந்திரம் நல்ல பிரகாசமான வெளிச்சத்துல உக்காருறது, விடிகாலைல வெளிச்சம் கண்ணுல படாம பாத்துக்கிறது. ராத்திரி ஆளுங்களுக்கு அப்படியே திருப்பிப் போடணும், எந்திரிச்ச உடனே வெயில், ராத்திரி கம்மி வெளிச்சம். கண்ணுல மெலனாப்சின்னு ஒரு பொருள் வெச்சிருக்குற செல்கள் இருக்கு, பாக்குறதுக்குன்னு இல்லாம வெளிச்சம் இருக்கா இல்லையான்னு கடிகாரத்துக்குச் சேதி சொல்றதுதான் அதுங்களோட முக்கிய வேலை, நீல வெளிச்சத்துக்கு ரொம்ப உசார். நான் ராத்திரி மானிட்டர் பிரைட்னெஸ்ஸ எறக்கி வெச்சுப் பாக்குறேன், டீம் லீடர் ஸ்க்ரீன் ஷேர் கேக்குற வரைக்கும்.

2019ல ஜோன்ஸ், ப்டாச்செக் ஆளுங்க சேந்து இன்னொன்னு எண்ணினாங்க. ஒரு தூக்க கிளினிக்குக்கு மத்த காரணத்துக்காக வந்தவங்க எல்லார்கிட்டயும், வருஷக் கணக்கா, லீவு நாள்ல எத்தன மணிக்குத் தூங்கி எந்திரிப்பீங்கன்னு கேட்டு. இந்த மாதிரி ரொம்ப சீக்கிரம் தூங்குறவங்க 0.33 சதவீதம் வந்தாங்க, அதாவது 300 பேருக்கு ஒருத்தர், அதுல பாதிக்கு மேல குடும்பத்துல வேற யாருக்காவதும் இருக்கு. ஆனா இது எனக்கு ஒரு தொந்தரவுன்னு சொன்னவங்க 0.04 சதவீதம்தான். எட்டுல ஒருத்தர். மீதி ஏழு பேரும் அவங்க பாட்டுக்கு ஏழரை எட்டுக்குத் தூங்கி நாலுக்கு எந்திரிச்சு காபி போட்டுக் குடிச்சுட்டு இருக்காங்க, யாரும் ஒன்னும் சொல்றதில்ல. இதே கணக்கு ராத்திரி ஆளுங்களுக்கு எடுத்தா எட்டுல எத்தன பேரு தொந்தரவுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சுப் பாத்தேன், நம்ம ஆபீஸ் ஒன்பது மணிக்கு தொறக்குற வரைக்கும் அந்தக் கணக்கு வேற மாதிரிதான் வரும்.

2005ல கெடைச்ச கேசீன் கைனேஸ் குடும்பம் ஞாபகம் இருக்கா, அந்தக் குடும்பத்துல சீக்கிரம் தூங்குறவங்களுக்கு மைக்ரேன் தலைவலியும் சேந்தே வந்துச்சு, 2013ல அது தனி பேப்பராவே வந்திருக்கு, எலிக்கு வரைக்கும் சோதிச்சிருக்காங்க. எங்க அம்மா பக்கம் மைக்ரேன் ஆளுங்க ஜாஸ்திங்குறதால அதப் பத்தி நெறைய படிச்சு வெச்சிருக்கேன், அத இங்க திணிச்சா இன்னும் நீளும், அடுத்த பதிவுல வெச்சுக்கலாம். அதுவரைக்கும் உங்க வீட்ல எட்டு மணிக்கு முன்னாடி தூங்கி நாலு மணிக்கு தானா எந்திரிக்கிறவங்க, அலாரம் வெச்சு எந்திரிக்கிறவங்க இல்ல, தானா, அப்பா பக்கமா அம்மா பக்கமா எத்தன தலைமுறைன்னு கேட்டு எழுதுங்க.